கினபாலு மலையும் குண்டாசாங்கும்: கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு போய்வர முழுமையான வழிகாட்டி

முதல் தடவை கினபாலு மலையைப் பார்க்கப் போய், மலையைப் பார்க்காமலே திரும்பி வந்தோம். சபா மாநிலத் தலைநகர் கோத்தா கினபாலுவில் நிதானமாகப் பசியாறிவிட்டு ஒன்பது மணிக்குச் சுற்றுலா வேனில் ஏறினோம். குண்டாசாங் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. மலை நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்டதுபோல மேகம். மாட்டுப் பண்ணையில் ஐஸ்கிரீம், சந்தையில் ஸ்ட்ராபெரி, வெந்நீர் ஊற்றில் அரைமணி நேரம், இருட்டோடு மறுபடி நகரம். வேனில் வரும்போது அம்மா கேட்டார்: "அந்த மலை எந்தப் பக்கம்பா இருந்துச்சு?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். இந்த முறை நான்கு இரவும் மலையடிவாரத்திலேயே தங்கினோம். அண்ணனும் நானும் உச்சிக்கு ஏறினோம். மற்றவர்கள் ஏறவில்லை. ஆனால் கினபாலுவை அதிகம் பார்த்தவர் யார் என்று கேட்டால் அம்மா என்றுதான் சொல்வேன். தினமும் விடியற்காலை ஐந்தரைக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பயணத்தின் சூட்சுமம் அந்த ஐந்தரை மணிதான். பெரும்பாலான நாள்களில் மலை விடிந்ததிலிருந்து எட்டு, ஒன்பது மணி வரைதான் முகம் காட்டும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரம் மேகமாகத் திரண்டு மேலே வந்து மூடிவிடும். மாலையில் சில நாள் மறுபடி திறக்கும், பல நாள் திறக்காது. நகரத்தில் தூங்கி எழுந்து போகிறவர் இந்த நேரத்தைப் பிடிக்க முடியாது. அதனால் கீழே சொல்லும் திட்டம் முழுவதையும் காலையை மையமாக வைத்தே அமைத்திருக்கிறேன்.

மலையும் ஊரும்

கினபாலு மலையின் உச்சி 4,095 மீட்டர். லோஸ் பீக் என்று அதற்குப் பெயர். 1851இல் ஏறிய ஹியூ லோ என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரை வைத்தார்கள். ஆனால் அந்த மிக உயர்ந்த முனையை அவர் தொடவில்லை. தொட்டதாகப் பதிவாகியிருப்பவர் 1888இல் போன ஜான் வைட்ஹெட். மலையைச் சுற்றிய சுமார் 754 சதுர கிலோமீட்டர் காடு 1964இல் தேசியப் பூங்கா ஆனது. 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சரவாக்கின் முலு பூங்காவும் அதே ஆண்டில் சேர்ந்தது. மலேசியாவிலிருந்து அந்தப் பட்டியலில் முதலில் இடம்பிடித்தவை இவை இரண்டும்தான். பூங்காவைப் பராமரிப்பது சபா பூங்காக்கள் வாரியம்.

பூங்காத் தலைமையகத்திலிருந்து ஆறு ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது குண்டாசாங். சாலையோரக் காய்கறிக் கடைகளும் மேட்டுத் தோட்டங்களும் தங்கும் வீடுகளும் கொண்ட குளிர்ந்த ஊர். அதைத் தாண்டிக் கீழே இறங்கினால் மாவட்டத் தலைநகர் ரானாவ். வங்கி, பெரிய கடை, மருத்துவமனை எல்லாம் ரானாவில்தான். குண்டாசாங்கில் ரொக்கம் இல்லாமல் தடுமாற வேண்டாம். கோத்தா கினபாலுவிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கட்டில், அப்புறம் விமானம்

நம்மவர்கள் பெரும்பாலும் மலிவு விலை டிக்கெட் கிடைத்ததும் வாங்கிவிட்டு, அப்புறம் மலை ஏறுவதைப் பற்றி விசாரிக்கிறார்கள். இங்கே அது நடக்காது. உச்சிக்கு ஏறுபவர் ஒரு இரவு 3,272 மீட்டர் உயரத்தில் பனாலாபான் என்ற இடத்தில் தங்கித்தான் ஆக வேண்டும். லாபான் ராத்தா விடுதி இருப்பது அங்கேதான். அங்கே எத்தனை கட்டிலோ அத்தனை பேருக்குத்தான் அனுமதி, ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கும் குறைவு. பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி என்றால் பல மாதத்துக்கு முன்பே நிரம்பிவிடும். ஆகவே பனாலாபானில் கட்டில் உறுதியான பிறகே விமானம்.

முன்பதிவில் தங்குமிடம், சாப்பாடு, ஏறும் அனுமதி, காப்பீடு, வழிகாட்டி எல்லாம் எதில் எது சேர்ந்திருக்கிறது என்று வரிவரியாகக் கேளுங்கள். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. மலேசியருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு, அதனால் அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும். இரண்டு நாள் ஒரு இரவு, மூன்று நாள் இரண்டு இரவு என்று இரண்டு விதமாக விற்பார்கள். மூன்று நாள் திட்டத்தையே எடுங்கள். கடல் மட்டத்தில் இருக்கும் கோலாலம்பூர்க்காரர் ஏறுவதற்கு முந்தைய இரவை 1,500 மீட்டரில் கழித்தால் உடம்பு கொஞ்சமாவது பழகும்.

எங்கள் குடும்பத்துக்கு ஒத்துவந்த கணக்கு இது. முதல் நாள் விமானம், மாலைக்குள் குண்டாசாங். இரண்டாம் நாள் எல்லோரும் பூங்காவுக்குள், இரவும் அங்கேயே. மூன்றாம் நாள் ஏறுபவர்கள் பனாலாபானுக்கு, மற்றவர்கள் குண்டாசாங்கில். நான்காம் நாள் ஏறியவர்கள் இறங்கி வந்ததும் எல்லோரும் சேர்ந்து போரிங் வெந்நீர் ஊற்று. ஐந்தாம் நாள் வீடு. யாருமே ஏறப் போவதில்லை என்றால் மூன்று இரவு போதும். அதற்கும் குறைத்தால் மறுபடி மேகத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

மாதம் என்று கேட்டால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. அக்டோபருக்கு மேல் ஆண்டு முடியும் வரை மழை அதிகம். இருந்தாலும் அது மழைக்காடு. எந்த மாதமும் மதியத்துக்கு மேல் தூறலாம் என்று நினைத்தே மூட்டை கட்டுங்கள்.

கோலாலம்பூரிலேயே முடிக்க வேண்டியவை

ஏறப் போகிறவர்கள் குறைந்தது எட்டு வாரம் கால்களைப் பழக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள்: முதல் நாள் 1,866 மீட்டரில் இருக்கும் திம்போஹோன் வாயிலிலிருந்து ஆறு கிலோமீட்டரில் சுமார் 1,400 மீட்டர் ஏற்றம். மறுநாள் விடியுமுன் இன்னும் 820 மீட்டர் ஏற்றம், அதே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முட்டியைப் பிடித்து உட்கார வைப்பது இறக்கம். அதனால் பயிற்சியில் இறங்குவதையே அதிகம் செய்யுங்கள்.

செந்தூலில் இருக்கும் எங்களுக்குப் பக்கம் பத்துமலை. விடியற்காலையில் 272 படியையும் ஏறி இறங்கினோம். முதல் வாரம் மூன்று சுற்று, கடைசி வாரங்களில் பத்து. அது கோயில் என்பதை மறக்கக் கூடாது. பக்தர் கூட்டம் வருமுன் முடித்துவிடுங்கள், விசேஷ நாளில் அந்தப் பக்கம் பயிற்சிக்கே போக வேண்டாம். பெட்டாலிங் ஜெயா பக்கம் இருப்பவர்களுக்கு புக்கிட் காசிங் இருக்கிறது. செமினியே பக்கம் புரோகா குன்று. கொண்டோவில் இருப்பவர்களுக்கு அந்தப் படிக்கட்டே போதும். முதுகில் ஐந்து கிலோ பையைப் போட்டுக்கொண்டு நடங்கள்.

அடுத்து மருத்துவர். நம் குடும்பங்களில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இல்லாத வீடு குறைவு. நாற்பது தாண்டியவர்கள் இதயத்தைச் சோதித்துக்கொண்டு, "3,000 மீட்டருக்கு மேல் தூங்கப் போகிறேன்" என்று சொல்லி ஆலோசனை கேளுங்கள். உயரத்தால் வரும் நோய்க்கு முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை உண்டு, ஆனால் அதை மருத்துவரே தர வேண்டும். நண்பர் கொடுத்ததை வாங்கி விழுங்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் மருந்தையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் மேல்சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். குளிரில் அந்தக் கருவி தப்பான அளவு காட்டக்கூடும்.

உடை விஷயத்தில் பருத்தியை மறந்துவிடுங்கள். நனைந்தால் காயாது, உடம்பைக் குளிரவைக்கும். சீக்கிரம் காயும் சட்டை, நடுவில் ஒரு கம்பளிச் சட்டை, மேலே காற்றும் மழையும் புகாத மேலுறை என்று மூன்று அடுக்கு. கையுறை, காதை மூடும் தொப்பி, நெற்றியில் கட்டும் விளக்கு, அதற்கு மாற்றுப் பேட்டரி. உச்சியில் விடியுமுன் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும், காற்று அதைவிடக் குளிராக அடிக்கும்.

சப்பாத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பு ரப்பரில், அடியில் குமிழ் குமிழாக இருக்கும் மலிவான சப்பாத்தை "அடிடாஸ் கம்போங்" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். கினபாலு வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் பலர் அதைத்தான் போடுகிறார்கள். ஈரப் பாறையில் அப்படிப் பிடிக்கும். அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா பால்மரம் வெட்டப் போகும்போது இதேதான் போடுவாரு" என்றார். காலுக்கு அரை அளவு பெரியதாக வாங்கி, தடித்த காலுறையோடு போடுங்கள். இல்லையென்றால் இறங்கும்போது கட்டைவிரல் நகம் கறுத்துவிடும்.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். குண்டாசாங்கில் நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடையை எதிர்பார்க்க வேண்டாம். காய்கறிக்குப் பஞ்சமே இல்லாத ஊர்தான், ஆனால் கீரை வதக்கினாலும் பிளாச்சான் என்ற இறால் விழுதோ நெத்திலியோ சேர்ந்துவிடும். இரண்டும் வேண்டாம் என்று கடைக்காரரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொஞ்சம் கட்டிக்கொண்டு போனோம். சமையலறை உள்ள வீடாக எடுத்ததால் அண்ணி சந்தையிலிருந்து வாங்கிய முட்டைகோஸில் பொரியலே செய்துவிட்டார்.

முதல் நாள்: விமானமும் சாலையும்

கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு இரண்டரை மணி நேரப் பயணம். உள்நாட்டு விமானம்தான் என்றாலும் சபாவில் குடிநுழைவு முகப்பு உண்டு. தீபகற்ப மலேசியர் மைகாட்டைக் காட்டினால் மூன்று மாதம் வரை சுற்றுலாவுக்குத் தங்கலாம். பிள்ளைகளுக்கு மைகிட், பிறப்புப் பத்திரம் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு ஏதாவது கொடுத்தால் திரும்பும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

காலை முதல் விமானத்தைப் பிடியுங்கள். காரணம் இதுதான்: நேரம் நமக்கும் சபாவுக்கும் ஒன்றே, ஆனால் சூரியன் அங்கே ஒரு மணி நேரம் முந்தி வருகிறது, முந்திப் போகிறது. கோலாலம்பூரில் ஏழே கால் வரை வெளிச்சம் இருக்கும். அங்கே ஆறரைக்கே இருட்டு. மலைச் சாலையில் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும். புதியவர் அந்தச் சாலையில் இருட்டில் ஓட்டக் கூடாது.

நகரத்திலிருந்து பூங்கா சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பெரியவர்கள், பிள்ளைகள் இருந்தால் வாடகைக் கார் நல்லது. குண்டாசாங்கில் இடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித்தான் இருக்கின்றன, அங்கே போய் கிராப் கிடைக்கும் என்று நம்ப முடியாது. தனியாகவோ இருவராகவோ போனால் நகர நடுவில் பாடாங் மெர்டேக்கா பக்கத்திலிருந்து ரானாவ் போகும் பகிர்வு வேன்கள் உண்டு. ஆள் நிரம்பினால் புறப்படும். பூங்கா வாசலில் இறக்கிவிடச் சொல்லலாம்.

நகர எல்லையைத் தாண்டுமுன் எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். தம்பாருலி தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். கனரக லாரிகள் மூச்சுத் திணறி ஏறும், அவசரப்பட்டு முந்த வேண்டாம். திரும்பி வரும்போது கீழ் கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிவிடும். வழியில் நபாலு என்ற சின்னச் சந்தை ஊர் வரும். அன்னாசி, கைவினைப் பொருள்கள், எதிரே மலை. எங்களுக்கு அன்று மதியம் அதிர்ஷ்டம்: ஐந்து நிமிடம் மேகம் விலகி, கருங்கல் முடி மட்டும் தெரிந்தது. அம்மா காரை விட்டு இறங்கிக் கைகூப்பினார். கடைக்காரப் பெண்மணி அதைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார். இந்த மலைப்பக்கத்துப் பூர்வகுடிகளான டூசுன் மக்களுக்கும் அது வெறும் கல் அல்ல. முன்னோரின் ஆவிகள் ஓய்வெடுக்கும் இடம் என்று "ஆக்கி நபாலு" என்று அழைக்கிறார்கள். மேலே கூச்சலிடுவதோ அசிங்கமாக நடப்பதோ அவர்களைப் புண்படுத்தும். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் என்று வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் நாள்: பூங்காவுக்குள்

உச்சிக்குப் போகாதவர்கள் பூங்காவையே தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் அதிகம். இந்தக் காட்டில் 5,000க்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருக்கின்றன. கீழே மழைக்காடு, மேலே போகப் போக பாசி போர்த்திய மேகக்காடு, அப்புறம் முழங்கால் உயரக் குட்டை மரங்கள், கடைசியில் வெறும் பாறை. இத்தனை மாற்றமும் ஒரே மலையில்.

தலைமையகத்தில் தாவரத் தோட்டம் ஒன்று உண்டு. வழிகாட்டியோடு சுற்றும் நேரம் எது என்று வாசலில் கேட்டுக்கொண்டு அதில் சேருங்கள். ஊசித்தலை அளவுள்ள ஆர்க்கிட் பூவை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக் காட்டினார்கள். தனியாகப் போயிருந்தால் அதை மிதித்துவிட்டுத்தான் போயிருப்போம். குடுவைத் தாவரங்களும் இங்கே அறிமுகமாகும். உலகிலேயே மிகப் பெரிய குடுவை கொண்ட நெபந்தஸ் ராஜா, கினபாலுவிலும் பக்கத்துத் தம்புயுக்கோன் மலையிலும் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. அதன் ஒரு குடுவை ஒரு லிட்டருக்கும் மேல் நீர் கொள்ளும்.

அப்புறம் நடைபாதைகள். ஓடையோடு ஒட்டிப் போகும் சிலாவ்-சிலாவ் பாதை வயதானவர்களும் மெதுவாக நடக்கக்கூடியது. லிவாகு ஆற்றுப் பாதை நீளம், மழைக்குப் பிறகு வழுக்கும். பறவை பார்க்க வேண்டுமென்றால் ஆறு மணிக்கே திம்போஹோன் போகும் தார்ச் சாலையில் நடங்கள். காட்டுக்குள் நடப்பதைவிட சாலையோரத்தில்தான் பறவை நன்றாகத் தெரியும். அண்ணன் மகனுக்கு அட்டைப் பயம். கினபாலுவின் பெரிய சிவப்பு அட்டை முழம் நீளத்துக்கு வரும், ஆனால் மனித ரத்தம் குடிக்காது. அது விழுங்குவது இங்கே வாழும் பெரிய மண்புழுவை. இதைச் சொன்னபிறகு, மழை விட்டதும் அதைத் தேடுவதே அவன் வேலையாகிவிட்டது.

மூன்றாம், நான்காம் நாள்: ஏறுபவர்களுக்கு

காலை ஏழரைக்குத் தலைமையகத்தில் பதிவு. பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டுவார்கள். அதைக் கழற்றாதீர்கள். மேலே சோதனைச் சாவடியில் அதைத்தான் பார்ப்பார்கள். வழிகாட்டி அறிமுகமாவார். பெரும்பாலும் மலையடிக் கம்பங்களை (கிராமங்களை) சேர்ந்த டூசுன் மக்கள். கனமான பையைச் சுமைதூக்கியிடம் கொடுக்கலாம், எடைக்கு ஏற்பக் கூலி. கொடுப்பதில் கூச்சம் வேண்டாம், அது அந்தக் கம்பங்களின் வருமானம்.

திம்போஹோன் வாயிலைத் தாண்டியதும் பாதை முதலில் கீழே இறங்கி, கார்சன் அருவியைக் கடந்து, அப்புறம்தான் ஏறத் தொடங்கும். இதை நினைவில் வையுங்கள். மறுநாள் கால்கள் ஓய்ந்து திரும்பும்போது கடைசியில் இந்த ஏற்றம் காத்திருக்கும்.

வழியில் ஏழு ஓய்விடங்கள், "பொண்டோக்" என்பார்கள். கண்டிஸ், உபா, லோவீ, மெம்பெனிங், லாயாங்-லாயாங், வில்லோசா, பாக்கா. ஒவ்வொன்றிலும் தண்ணீர்த் தொட்டி உண்டு. சுத்திகரிக்காத ஊற்றுநீர் என்பதால் வயிறு இளகியவர்கள் வடிகட்டியோ மாத்திரையோ வைத்திருங்கள். அணில்கள் பையைத் திறந்து பிஸ்கட் எடுக்கும், ஊட்டாதீர்கள். லாயாங்-லாயாங் தாண்டினால் மண் மஞ்சளாகும், மரங்கள் குட்டையாகும். பாதையோரத்தில் நெபந்தஸ் வில்லோசா குடுவைகளைத் தேடுங்கள்.

எங்கள் வழிகாட்டி அதிகம் பேசவில்லை. "பெலான்-பெலான்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மெதுவாக, மெதுவாக. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு முட்டிப் பேச முடியவில்லை என்றால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். எங்களைக் கடந்து ஓடிய இளைஞர்கள் இரண்டு பேரை பாக்கா பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பார்த்தோம்.

தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் மறைக்காமல் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். ஓய்வெடுத்தும் குறையவில்லை, நடை தள்ளாடுகிறது, உட்கார்ந்தாலும் மூச்சு வாங்குகிறது என்றால் மருந்து ஒன்றுதான்: கீழே இறங்குவது. அதில் அவமானம் எதுவும் இல்லை.

பனாலாபானில் சீக்கிரம் சாப்பிட்டு ஏழு மணிக்கே படுத்துவிடுங்கள். தூக்கம் சரியாக வராது, படுத்திருந்தாலே போதும். இரண்டு மணிக்கு எழுப்புவார்கள், இரண்டரைக்குப் புறப்பாடு. மழை கொட்டினால் மேலே விடமாட்டார்கள், அதை எதிர்த்து வாதாட வேண்டாம். முதல் பகுதி மரப் படிகள், அப்புறம் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறும் இடம். 3,668 மீட்டரில் சாயாட்-சாயாட் சாவடி. ஐந்து மணிக்குள் அதைத் தாண்டாதவர்கள் திரும்ப வேண்டும்.

சாவடிக்கு மேல் மரம் செடி எதுவும் இல்லை. பரந்த கருங்கல் சரிவு, வெள்ளைக் கயிறு வழிகாட்டும். பனியுகத்தில் இந்த மேல்பகுதியைப் பனிப்பாறைகள் மூடியிருந்தன. அவை தேய்த்த பாறையில்தான் நடக்கிறோம். முன்னால் போனவர்களின் நெற்றி விளக்குகள் கார்த்திகைத் தீபம்போல வரிசையாக மேலே போவதைப் பார்த்தபோது அண்ணன் நின்றுவிட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உச்சியில் பலகைக்குப் பின்னால் பத்து நிமிடம்தான் நிற்க முடிந்தது, அவ்வளவு காற்று. மறுபக்கம் லோஸ் பள்ளத்தாக்கு, அடி தெரியாத ஆழம். விளிம்புக்குப் போகாதீர்கள்.

விடிந்தபிறகு இறங்கும்போது கழுதைக் காது என்ற இரட்டைப் பாறையைக் காட்டுவார்கள். ஒரு காது இப்போது முழுதாக இல்லை. 2015 ஜூன் 5 காலை 7:15க்கு வந்த நிலநடுக்கத்தில் உடைந்தது. அன்று மலையில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகளும் உள்ளூர் வழிகாட்டிகளும் அதில் இருந்தார்கள். உதவிக்குழு வருமுன் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிக் கொண்டுவந்தவர்கள் வழிகாட்டிகள்தான். மெசிலாவ் பக்கத்து ஏறுபாதை அன்று மூடப்பட்டது. வழிகாட்டி "நில்" என்றால் ஏன் என்று கேட்காமல் நிற்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இது. இறங்கி முடித்ததும் அவருக்கும் சுமைதூக்கிக்கும் தனியாக ஏதாவது கொடுங்கள்.

கீழே இருப்பவர்களுக்கு: குண்டாசாங்கின் ஒன்றரை நாள்

விடியலுக்கு சொசோடிக்கோன் குன்று. அரைமணி நேர ஏற்றம்தான், பள்ளிப் பிள்ளைகள் ஏறலாம். முட்டி வலி உள்ளவர்கள் மலையைப் பார்த்த முற்றம் உள்ள வீடாகத் தேடி எடுத்தால் குன்றே தேவையில்லை. அம்மா அதைத்தான் செய்தார்.

மெசிலாவ் பக்கம் இருக்கும் டேசா பால்பண்ணைக்குத் திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். புல்வெளி, கறுப்பு வெள்ளை மாடுகள், பின்னால் மலை. பத்து மணிக்கு மேல் மலையும் போய்விடும், கூட்டமும் வந்துவிடும். பாலும் தயிரும் நன்றாக இருக்கின்றன. சந்தைக்கு எந்த நேரமும் போகலாம். சபா கீரை என்று நாம் கோலாலம்பூரில் வாங்கும் சாயூர் மானிஸ், வெண்ணெய்ப் பழம், துஹாவ் என்ற காட்டு இஞ்சி ஊறுகாய். துஹாவ் வாசனை எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கு மாங்காய் இஞ்சி நினைவு வந்தது.

ஒரு மணி நேரத்தைப் போர் நினைவிடத்துக்கு ஒதுக்குங்கள். சந்தைக்குப் பின்னால், 1962இல் கட்டியது. 1945இல் ஜப்பானியர்கள் சண்டாக்கானில் இருந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க் கைதிகளைச் சுமார் 250 கிலோமீட்டர் காட்டு வழியே ரானாவுக்கு நடத்திக் கொண்டுவந்தார்கள். சண்டாக்கானில் ஏறத்தாழ 2,400 பேர் இருந்தார்கள். உயிரோடு தப்பியவர்கள் ஆறே ஆறு ஆஸ்திரேலியர்கள். தப்பியவர்களை ஒளித்து வைத்துச் சோறு போட்டவர்கள் உள்ளூர்க் கம்பத்து மக்கள். பூந்தோட்டங்களுக்கு நடுவே பெயர்களைப் பொறித்த பலகைகள். அம்மா அதன்முன் வெகு நேரம் நின்றார். அவருடைய பெரியப்பாவைத் தோட்டத்திலிருந்து, ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. "இவங்களுக்குப் பேராவது எழுதி வச்சிருக்காங்க" என்றார். பிள்ளைகள் அந்தக் கதையை முதல்முறையாகக் கேட்டது அங்கேதான்.

போரிங்: இறங்கியவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும்

பூங்காவிலிருந்து ரானாவ் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். இதுவும் பூங்காவின் ஒரு பகுதிதான், ஆனால் தாழ்வான இடம், வெக்கை திரும்பிவிடும். கந்தக வாசனையுள்ள வெந்நீரைத் தொட்டியில் நீங்களே திறந்துவிட்டு, குளிர்ந்த நீரோடு கலந்து உட்கார வேண்டும். தொட்டி நிரம்ப நேரமாகும், பொறுமை வேண்டும். வார இறுதியைத் தவிருங்கள். இறங்கிய அன்று மாலை முட்டியை அதில் வைத்தபோது கிடைத்த சுகம் இன்னும் நினைவில் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் முதலில் கையால் சூடு பாருங்கள்.

மரங்களுக்கு மேல் கட்டிய தொங்குபாலம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வழியில் வீடுகளின் முன் "ரஃப்லேசியா பூத்திருக்கிறது" என்று பலகை வைத்திருந்தால் காரை நிறுத்துங்கள். அந்தப் பூ விரிந்து ஐந்தாறு நாளில் கருகிவிடும். சொந்த நிலத்தில் அதைப் பாதுகாக்கும் குடும்பத்துக்கு நீங்கள் கொடுக்கும் சில வெள்ளிதான் காட்டை வெட்டாமல் வைத்திருக்க ஒரு காரணம். முதல் நாள் பூவாகப் பார்த்தால் செங்கல் நிறம், கடைசி நாள் என்றால் கறுப்பு. எத்தனையாவது நாள் என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

ரானாவ் பக்கத்து லுவாந்தி கம்பத்தில் ஆற்று மீன்கள் காலைக் கடித்து மசாஜ் செய்யும். "தகால்" என்பது அந்த மக்களின் பழைய ஏற்பாடு: குறிப்பிட்ட காலத்துக்கு ஆற்றில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று ஊரே கூடிக் கட்டுப்பாடு வைப்பார்கள். அதனால்தான் அவ்வளவு மீன்.

திரும்பும் நாள்

விமானம் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இருக்கட்டும். குண்டாசாங்கிலிருந்து ஏழரைக்கே புறப்பட்டுவிடுங்கள். சாலை வேலை, மண்சரிவு, லாரி என்று ஏதாவது ஒன்று ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். குடுவைத் தாவரம், ஆர்க்கிட் எதையும் யார் விற்றாலும் வாங்க வேண்டாம். உச்சிக்கு ஏறியவர்கள் மறுநாள் படி இறங்கச் சிரமப்படுவார்கள். விமானத்தில் நடைபாதையோர இருக்கை எடுத்துக் கொடுங்கள். அடுத்த நாள் வேலைக்கும் விடுமுறை போட்டு வையுங்கள்.

காலையில் போவதால் நபாலுவில் மலை முழுதாகத் தெரியும். மறுபடி நிறுத்துங்கள். நாங்கள் நிறுத்தியபோது அண்ணன் மகள் அம்மாவிடம், "பாட்டி, அப்பா எந்த இடத்துல நின்னாரு?" என்று கேட்டாள். அம்மா விரலை நீட்டி, மேகம் தொடாத அந்த முனையைக் காட்டினார்.